கவுல் வாங்கிய ஏரி

செங்கல்பட்டுச் சீமை கும்பினியாரின் ஜாகீராக இருந்தபோது, 1794 முதல் 1798 வரை அங்கே கலெக்டராக இருந்தவர் லியோனெல் பிளேஸ். அந்தப் பக்கத்து ஊர்களில் பிளேஸ் துரையின் பெயர் இரண்டு காரியங்களுக்காக இன்றும் சொல்லப்படுகிறது. ஒன்று மதுராந்தகம் ஏரிக்கரை. பேய்மழை கொட்டிய ஓர் இரவில் கரை உடையாதபடி ராமனும் லட்சுமணனும் வில்லேந்திக் காவல் நின்றதை அவர் கண்ணால் கண்டார் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் கதை. ஏரி காத்த ராமர் கோயிலின் தாயார் சன்னதிக் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. மற்றொன்று, மதுராந்தகத்துக்கு அருகில் உள்ள வேடந்தாங்கல் என்னும் சிற்றூருக்கு அவர் எழுதிக் கொடுத்த கவுல்.

கவுல் என்றால் அக்காலத்து வருவாய் வழக்கில் உறுதிச் சீட்டு. நிலம் இவ்வளவு, தீர்வை இவ்வளவு, காலம் இத்தனை ஆண்டு என்று சர்க்கார் குடிகளுக்கு எழுதிக் கொடுப்பது. வேடந்தாங்கல்காரர்கள் கேட்டு வாங்கிய கவுலில் விஷயமே வேறு. தங்கள் ஏரியில் வந்து கூடு கட்டும் பறவைகளை யாரும் சுடக் கூடாது, பிடிக்கக் கூடாது, அவற்றைக் காத்துக்கொள்ளும் உரிமை ஊருக்கு உண்டு என்று அவர்கள் கேட்டார்கள். துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டுத் தள்ளியதாகவும், கொதித்துப்போன ஊரார் திரண்டுபோய்க் கலெக்டரிடம் முறையிட்டதாகவும் சொல்வார்கள். வனத்துறை தரும் ஆண்டு 1798. கும்பினி ஆட்சி முடிந்து விக்டோரியா ராணியின் ஆட்சி தொடங்கிய 1858இல் ஊரார் மறுபடியும் போய் அந்த உரிமையைப் புதுப்பித்து வாங்கினார்கள். அறுபது ஆண்டு இடைவெளியில் ஆட்சி மாறியது, தலைமுறை இரண்டு மூன்று போனது, கோரிக்கை மட்டும் மாறவில்லை.

காட்டு விலங்குகளைக் காக்க வேண்டும் என்ற பேச்சு உலகில் பரவலாக எழாத காலம் அது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 1872இல்தான் வந்தது. சூழலியல் என்ற துறைக்கு ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஹெக்கல் பெயர் சூட்டியதே 1866இல். அதற்கு எவ்வளவோ முன்பு ஒரு நெல் விவசாய ஊர் கலெக்டர் கச்சேரிக்குப் போய்ப் பறவைகளுக்காக மனுக் கொடுத்திருக்கிறது. பக்தி, இரக்கம், வந்து தங்கியதைக் கொல்லக் கூடாது என்ற வழக்கம் எல்லாம் அதில் இருந்திருக்கும். அவற்றோடு திடமான ஒரு கணக்கும் இருந்தது. பறவை அடைந்த ஆண்டில் அந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலில் விளைச்சல் கூடுகிறது. எரு போடும் செலவு குறைகிறது.

ஆட்டுக் கிடை போடத் தெரிந்த விவசாயிக்கு இது புரிவதில் சிரமம் இருந்திருக்காது. பகலில் ஆடுகள் எங்கெங்கோ மேய்கின்றன. இரவில் ஒரு வயலில் அடைக்கப்படுகின்றன. ஊரெல்லாம் மேய்ந்த சத்து அந்த ஒரு வயலில் விழுகிறது. வேடந்தாங்கல் ஏரியில் நடப்பதும் கிடைதான், ஆட்டுக்குப் பதில் கொக்கும் நாரையும். ஏரியின் பரப்பு வெறும் 30 ஹெக்டேர். அங்கே கூடு கட்டும் பறவைகள் தம் இரையை அந்த 30 ஹெக்டேரில் தேடுவதில்லை, அது அவற்றுக்குப் போதவும் போதாது. சுற்று வட்டாரத்தின் நெல் வயல்கள், தாங்கல்கள், குட்டைகள், வாய்க்கால்கள், பெரிய ஏரிகளின் ஆழமில்லாத ஓரங்கள் எல்லாம் அவற்றின் மேய்ச்சல் நிலம். மீனும் தவளையும் நண்டும் நத்தையும் பூச்சியுமாக அங்கே தின்றவை திரும்பி வந்து கூட்டில் எச்சமிடுகின்றன. எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம், அதாவது செறிந்த தழைச்சத்து. கூடவே மணிச்சத்து. இரண்டும் தண்ணீரில் கரைந்து, பாசியை வளர்த்து, மதகு திறக்கும்போது வாய்க்கால் வழியே வயலுக்கு இறங்குகின்றன. ஒரு பெரும் பரப்பில் சிதறிக் கிடக்கும் சத்தை விலங்குகள் தம் நடமாட்டத்தால் ஓர் இடத்தில் குவிப்பதைச் சூழலியலாளர்கள் இன்று விரிவாகவே பேசுகிறார்கள். ஆர்தர் டான்ஸ்லி ‘சூழல் தொகுதி’ என்ற கருத்தை முன்வைத்தது 1935இல். உயிரும் உயிரற்றதும் சேர்ந்த ஒரே அமைப்பாகக் குளத்தையும் காட்டையும் பார்க்க வேண்டும் என்றார் அவர். ஏரி, மரம், பறவை, வயல் என்ற நான்கையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்த ஊருக்கு அந்தப் பார்வை அன்னியமாக இருந்திருக்காது.

இந்த இடத்தில் பெருவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தென் அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் சிஞ்சா தீவுகளில் நீர்க்காகங்களும் கூழைக்கடா வகைகளும் நூற்றாண்டுகளாக இட்ட எச்சம் மலைபோல் குவிந்து கிடந்தது. குவானோ எனப்பட்ட அந்த எருவின் மாதிரியை அலெக்சாண்டர் ஹம்போல்ட் 1804இல் ஐரோப்பாவுக்குக் கொண்டு வந்தார். 1840 வாக்கில் வணிகம் தொடங்கியது. கப்பல் கப்பலாக வெட்டி ஏற்றினார்கள். 1864இல் ஸ்பெயின் அந்தத் தீவுகளைக் கைப்பற்றியதில் ஒரு போரே மூண்டது. முப்பது முப்பத்தைந்து ஆண்டுகளில் மேடுகள் கரைந்து போயின, பறவைகளும் பெருமளவு அழிந்தன. எருவை வேண்டுமானால் பறவையைக் காக்க வேண்டும் என்று பெரு அரசு ஒரு நிறுவனம் அமைத்துத் தீவுகளுக்குக் காவல் போட்டது 1909இல். வேடந்தாங்கல் விவசாயிகள் அந்த இடத்துக்கு நூறு ஆண்டுக்கு மேல் முன்னதாகவே வந்து சேர்ந்திருந்தார்கள்.

சிஞ்சா தீவுகளுக்காகச் சண்டை மூண்ட அதே காலத்தில் வேடந்தாங்கல் முதன்முறையாக அறிவியல் இதழ் ஒன்றில் ஏறியது. மதராஸ் மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஜான் ஷார்ட் இந்த ஏரியைப் பார்த்து எழுதிய குறிப்பு லண்டன் லின்னேயன் சங்கத்தின் விலங்கியல் இதழில் வெளியானது. கொக்கும் நாரையும் பிற நீர்ப்பறவைகளும் ஒரே இடத்தில் கூட்டமாகக் குஞ்சு பொரிப்பதை அந்தக் குறிப்பு விவரித்தது. சீமையில் படித்தவர்களுக்கு அது புதுமை. ஏரிக்கரையில் மாடு மேய்த்தவர்களுக்கு அது ஐப்பசி கார்த்திகையின் வாடிக்கை.

பறவைகள் ஏன் இந்த ஏரியைத் தேர்ந்தெடுத்தன? செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஏரிக்குப் பஞ்சமே இல்லை. ஏரி மாவட்டம் என்றே அதைச் சொல்வார்கள். பதில் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் இருக்கிறது. கரையோரத்து மரத்தில் கூடு கட்டினால் பூனையும் பாம்பும் ஏறும், ஆள் ஏறிக் குஞ்சைப் பிடிப்பான். ஏரி நடுவே இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கும் மரத்துக்கு அந்த அபாயம் குறைவு. தண்ணீர்தான் அகழி. அது வற்றினால் கோட்டை திறந்துவிடும். மழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் மரங்கள் அப்படியே இருந்தும் பறவைகள் கூடு கட்டாமல் வேறிடம் போய்விடுவது இதனால்தான்.

ஆனால் ஆண்டில் பல மாதம் தண்ணீரில் நிற்பது எல்லா மரத்தாலும் முடிகிற காரியமல்ல. மரத்தின் வேரும் மூச்சு விடுகிறது. மண்ணின் துளைகளில் இருக்கும் காற்றிலிருந்து அது பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் தேங்கினால் துளைகள் அடைபடும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் வாயுக்கள் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகின்றன. வேர் மூச்சு முட்டுகிறது, இலை வாடுகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய தோட்டத்து முருங்கை அழுகி விழுவது இப்படித்தான். வேடந்தாங்கலில் நிற்கும் நீர்க்கடம்பு இந்த நெருக்கடிக்குப் பழகிய மரம்.

தாவரம் தன் வேரடியில் வெள்ளம் சூழ்ந்ததை எப்படி அறிகிறது என்பதற்கான விடை வந்த வழி சுவையானது. 1901இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டிமித்ரி நெல்யுபோவ் என்ற ஆய்வு மாணவர் பட்டாணி நாற்றுகளைச் சோதனைக்கூடத்தில் வளர்த்தபோது அவை நிமிர்ந்து வளராமல் குட்டையாகிப் பக்கவாட்டில் வளைந்தன. வெளிக்காற்றில் வைத்தால் சரியாக வளர்ந்தன. சோதனைக்கூடத்தின் விளக்குகளுக்கு எரித்த வாயுவில் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று அவர் கண்டுபிடித்தார். செடியே எத்திலீனை உண்டாக்குகிறது, அது ஒரு தாவர ஹார்மோன் என்பது பின்னால் தெளிவாயிற்று. வாழைக்காயைப் பழுக்க வைப்பதும் அதே வாயுதான். வேரில் ஊறும் எத்திலீன் சாதாரண நாளில் மண் காற்றோடு கலந்து போய்விடுகிறது. வெள்ளம் சூழ்ந்தால் போக வழியின்றி வேருக்குள்ளேயே சேர்கிறது. அதுவே அறிகுறி. உடனே வெள்ளம் தாங்கும் தாவரங்கள் தண்டின் அடியில் புதுவேர் விடுகின்றன, பட்டையில் இருக்கும் மூச்சுத் துளைகளைப் பெரிதாக்குகின்றன, திசுக்களுக்குள் காற்று ஓடும் குழல்களை உண்டாக்குகின்றன. ஓடி ஒளிய முடியாத உயிரின் பதில் இப்படி உடலை மாற்றிக்கொள்வதாகவே இருக்கிறது.

நீர்க்கடம்பு நிற்கும் வேறு இரண்டு இடங்களைப் பார்த்தால் இந்த உறவு தற்செயல் அல்ல என்பது விளங்கும். ஆந்திரத்தின் நேலப்பட்டு ஏரியில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுவது இதே மரத்தில். கம்போடியாவின் டோன்லே சாப் பேரேரியின் ஓரத்தில், வெள்ளக் காலத்தில் மூழ்கும் காடு ஒன்று உண்டு. அங்கும் நீர்க்கடம்பே பெருமரம், அங்கும் கூழைக்கடாவும் பாம்புத்தாராவும் நத்தைகுத்தி நாரையும் சங்குவளை நாரையும் பெருங்கூட்டமாக இனம் பெருக்குகின்றன. வேடந்தாங்கலின் மற்றொரு மரமான நாட்டுக் கருவேலமும் தண்ணீரில் நிற்கத் தெரிந்ததுதான். முள் இருப்பதால் கூட்டுக்குக் கூடுதல் பாதுகாப்பு.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பத் தொடங்கியதும் பறவைகள் வந்து சேர்கின்றன. எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்து வருகின்றன என்பது நீண்ட காலம் கேட்கப்பட்ட கேள்வி. குளிர் நாடுகளில் அதற்கு ஒரு விடை கிடைத்தது. 1920களில் கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன் என்ற விலங்கியலாளர் ஜன்கோ என்னும் சிறு பறவைகளைக் கூண்டில் வைத்து, உறைபனிக் காலத்தில் மின்விளக்குப் போட்டுப் பகலைச் செயற்கையாக நீட்டினார். வெளியே கொடுங்குளிர். உள்ளே பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தம் வந்ததுபோல் வளர்ந்தன. பகல் நீளம்தான் அவற்றின் நாள்காட்டி. எட்மன்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். வேடந்தாங்கலில் அது சுமார் ஒன்றரை மணி நேரம்தான். இங்கே சூரியனைவிட மழையே நம்பத் தகுந்த செய்தி. சங்குவளை நாரையே இதற்குச் சாட்சி. தென்மேற்குப் பருவமழை பெய்யும் டெல்லியிலும் பரத்பூரிலும் அது ஆகஸ்ட், செப்டம்பரில் கூடு கட்டுகிறது. வடகிழக்கு மழைக்குக் காத்திருக்கும் வேடந்தாங்கலில் அதே பறவை நவம்பர், டிசம்பருக்கு மேல்தான் முட்டையிடுகிறது.

விலங்கு நடத்தையை ஆராய்பவர்கள் இதில் இரண்டு ‘ஏன்’களைப் பிரிப்பார்கள். இப்போது ஏன் கூடு கட்டுகிறது என்பதற்கு மழை, நிரம்பிய ஏரி போன்ற தூண்டுதல்கள் விடையாகும். இந்தப் பழக்கம் ஏன் நிலைத்தது என்பதற்கு விடை வேறு. குஞ்சுகளுக்குப் பசி மிகுந்த வாரங்களில்தான் வயலிலும் குட்டையிலும் தண்ணீர் வடிந்து, மழையில் பெருகிய மீனும் நத்தையும் ஆழமற்ற நீரில் நெருக்கமாகக் கிடைக்கின்றன. அந்த நேரத்துக்குக் குஞ்சு பொரிக்கும்படி முட்டையிட்ட பறவைகளின் வாரிசுகளே பிழைத்தன. கணக்குப் போடுவது பறவை அல்ல, பல்லாயிரம் ஆண்டுகளின் தேர்வு.

ஏரியில் பறவைகள் நிறைந்த காலத்தில் கரையில் நின்று பார்ப்பவருக்கு முதலில் தோன்றுவது நெரிசல். ஒரே மரத்தில் நாலைந்து இனம். உற்றுப் பார்த்தால் அதில் ஒழுங்கு தெரியும். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் போல உடல் பெருத்தவை வந்து இறங்கச் சிறகு விரிக்க இடம் வேண்டும், அவை உச்சியில். சின்ன வெள்ளைக்கொக்கும் வக்காவும் நீர்க்காகமும் கிளைகளுக்கு உள்ளே, கீழே. நேரத்திலும் பங்கீடு உண்டு. அந்தி சாயும்போது கொக்குகள் வரிசை வரிசையாகத் திரும்புகின்றன. அதே நேரம் வக்காக்கள் இரவு மேய்ச்சலுக்குக் கிளம்புகின்றன.

இரையிலோ பங்கீடு இன்னும் நுட்பமானது. நத்தைகுத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அந்த இடைவெளி இல்லை, வளர வளர வருகிறது. பாக்கு வெட்டிபோல் நத்தை ஓட்டை நசுக்கத்தான் அந்த அமைப்பு என்று வெகுகாலம் நம்பினார்கள். ஜூலியன் ஹக்ஸ்லி போன்ற பெரிய உயிரியலாளர் 1960இல் இந்த அலகைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். பிலிப் கால் என்ற அமெரிக்கர் நேரில் கவனித்து எழுதியபின் நிலைமை தெளிவானது. நாரை ஓட்டை உடைப்பதில்லை. நத்தையைத் தரையில் அழுத்திப் பிடித்து, கூரிய கீழ் அலகின் நுனியை உள்ளே விட்டுச் சதையை அறுத்து எடுக்கிறது. ஓடு பெரும்பாலும் முழுசாகவே கிடக்கும். சங்குவளை நாரையின் முறை வேறு. அலகைப் பாதி திறந்து கலங்கல் நீரில் துழாவும், மீன் பட்ட கணமே அலகு மூடிக்கொள்ளும். அதன் அமெரிக்க உறவினரான மர நாரையில் இதே பிலிப் கால், பீகாக் என்பவரோடு சேர்ந்து அந்த வேகத்தை அளந்தார்: ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு. கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் முங்கிப் பிடிப்பவை. கரண்டிவாயன் தண்ணீரை அரித்துத் தின்னும். அரிவாள்மூக்கன் சேற்றைக் குத்திக் கிளறும். ஒரே மரத்தில் குடியிருந்தும் ஒன்றின் சோற்றில் மற்றொன்று அதிகம் கை வைப்பதில்லை.

கூட்டமாக வாழ்வதில் நோய், திருட்டு, சண்டை எல்லாம் உண்டு. பக்கத்துக் கூட்டின் குச்சியைத் திருடும் பறவையை வேடந்தாங்கலில் யாரும் பார்க்கலாம். இவ்வளவு தொல்லைக்கும் ஈடு என்ன? நடுவில் இருப்பவனைவிட ஓரத்தில் இருப்பவனே எதிரிக்கு இரையாவான், ஆகவே ஒவ்வொன்றும் தன் உயிருக்காகவே கூட்டத்துக்குள் நுழைகிறது என்று டபிள்யூ. டி. ஹாமில்டன் 1971இல் எழுதினார். இரண்டு ஆண்டு கழித்துப் பீட்டர் வார்டும் அமோட்ஸ் சஹாவியும் வேறொன்று சொன்னார்கள். கூட்டமாக அடையும் இடம் செய்திச் சந்தையாகவும் இருக்கிறது. நேற்று இரை கிடைக்காத பறவை, வயிறு நிறையத் திரும்பியதன் பின்னால் மறுநாள் காலை பறந்து போகலாம். எல்லா இனத்துக்கும் இது பொருந்துமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் வேடந்தாங்கலுக்கு ஹாமில்டனின் ஓரக் கணக்கைவிடச் செய்திச் சந்தைக் கருத்தே நெருக்கமாகப் படுகிறது. இன்று ஒரு குட்டையில் மீன், நாளை வேறொரு வயலில் நத்தை என்று இரை இடம் மாறிக்கொண்டே இருக்கும் நாடு இது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பறந்து வந்து வேடந்தாங்கலில் முட்டையிட்டுப் போகின்றன என்று எவ்வளவோ பேர் எழுதிவிட்டார்கள். கூடு கட்டுபவை அனைத்தும் இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகள்தான், மழையைத் தொடர்ந்து உள்நாட்டிலேயே இடம் மாறுபவை. ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து, உள்ளான் வகைகள் போன்றவை வட ஆசியாவிலிருந்து வரும் உண்மையான வலசைப் பறவைகள். அவை குளிர்காலத்தைக் கழிக்க வந்தவை, இங்கே முட்டையிடுவதில்லை. உள்நாட்டுப் பறவை என்று தெரிந்ததும் சிலருக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது. குறையக் காரணமில்லை. ஒரு நாரை தன் வாழ்வு முழுவதையும் இந்தத் துணைக்கண்டத்தின் ஏரிகளை நம்பியே நடத்துகிறது என்றால் அவற்றின் மீதான நம் பொறுப்பு கூடத்தான் செய்யும்.

முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்கும் வரை பெரிய நாரைகளுக்கு மூன்று மாதம் ஆகிவிடும். முட்டைகள் ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் இடப்படுகின்றன. முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பு தொடங்கிவிடுவதால் குஞ்சுகளும் முன்பின்னாகவே பொரிகின்றன. மூத்தது பெரிது, கடைசியது நோஞ்சான். இரை தாராளமான ஆண்டில் எல்லாம் தேறும். குறைந்தால் கடைசிக் குஞ்சு சாகும். கொடுமையாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டின் தருக்கத்தை இங்கிலாந்தின் டேவிட் லாக் 1947இல் விளக்கினார். வரப்போகும் மாதங்களின் இரை எவ்வளவு என்று முட்டையிடும்போது தெரியாது. எல்லாக் குஞ்சும் ஒரே அளவில் இருந்தால் பஞ்சத்தில் எல்லாமே மெலிந்து சாகும். ஏற்றத்தாழ்வு இருந்தால் மூத்ததாவது பிழைக்கும். மாசி மாத வெயிலில் சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் தரும் தாய் நாரையும், நீரை அலகில் கொண்டுவந்து குஞ்சின் மேல் ஊற்றும் நாரையும் அதே கூட்டில்தான் இருக்கின்றன. பரிவும் கணக்கும் அங்கே வேறு வேறு அல்ல.

இருபதாம் நூற்றாண்டில் கவுலின் இடத்தை அரசாணைகள் எடுத்துக்கொண்டன. 1936இல் செங்கல்பட்டு கலெக்டர் ஏரியைச் சரணாலயமாக அங்கீகரித்தார். 1962இல் அது மதராஸ் வனச் சட்டத்தின் கீழ் வந்தது. பின்னர் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1998இல் அறிவிக்கை வெளியாகி, ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரமுள்ள நிலமும் சரணாலயத்துக்குள் வந்தது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன் இந்த ஏரியைப் பல ஆண்டு கவனித்து எழுதினார். அவருடைய எழுத்தால்தான் வேடந்தாங்கலின் பருவ ஒழுங்கு நகரத்து வாசகர்களுக்குத் தெரிய வந்தது.

இதற்கிடையில் ஊரின் பழைய கணக்கு மெல்ல மாறியது. 1906இலேயே ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. பசுமைப் புரட்சிக் காலத்தில் யூரியா மூட்டை எல்லாக் கிராமத்துக்கும் வந்தது. எச்சம் கலந்த ஏரி நீர் இல்லாவிட்டால் வயல் சோர்ந்துவிடும் என்ற நிலை போயிற்று. பறவையைக் காக்கும் வழக்கம் எருவுக்காக மட்டும் இருந்திருந்தால் அன்றே அது தளர்ந்திருக்கும். அப்படி ஆகவில்லை. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே சங்குவளை நாரை கூடு கட்டுகிறது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்து விடும் வழக்கம் அங்கே உண்டு. பறவை வராத ஆண்டை ஊருக்கு ஆகாத ஆண்டாகக் கருதுவார்கள். சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் குஞ்சுகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எந்தச் சட்டமும் சொல்லி அவர்கள் இதைச் செய்யவில்லை.

எச்சத்துக்கு மறுபக்கமும் உண்டு. அளவு மீறினால் இலை கருகும், கூட்டுக்குக் குச்சி ஒடித்து ஒடித்துக் கிளை மொட்டையாகும். பறவை பெருகப் பெருக மரம் தளரும். மரம் தளர்ந்தால் கூடு கட்ட இடம் போகும். அதனால் ஏரிக்குள் புதிதாக மரம் வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஏரியில் இருக்கும் பெரிய மரம் ஒவ்வொன்றும் ஒரு குடியிருப்பு. அது விழுந்தால் அதே ஆண்டில் மாற்று வராது.

வயல்கள் பற்றிய கவலை இதைவிடப் பெரிது. சரணாலயத்துக்குள் ஒரு கிளையைக்கூட யாரும் ஒடிக்காமல் காத்துவிடலாம். நாரை இரை தேடும் குட்டை மனையாகிவிட்டால், நத்தைக்கும் நண்டுக்கும் மருந்து அடித்து வயல் வெறுமையானால், காவல் பலிக்காது. 2020இல் அந்த 5 கிலோமீட்டர் ஆரத்தை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் முன்மொழிவு வந்தபோது பறவையியலாளர்களும் பொதுமக்களும் எதிர்த்ததற்கு இதுதான் அடிப்படை. 3 முதல் 5 கிலோமீட்டர் வரையிலான வளையத்தில் இருப்பவை பெரும்பாலும் ஏரிகளும் நெல் வயல்களும். கூட்டுக்கு இரை கொண்டுவரும் நாரைக்கு அந்தத் தூரம் ஒரு சுற்றுப் பறத்தல்கூட ஆகாது. 2022இல் வேடந்தாங்கலும் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வேடந்தாங்கல் மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்குக் கரிக்கிலியின் ஆழமற்ற நீர் மேய்ச்சலிடம், வலசை வாத்துகளுக்கும் உள்ளான்களுக்கும் அதுவே தங்கலிடம். இரண்டு ஏரிகளுக்கும் இடைப்பட்ட வயல்களில் இன்றும் நெல் விளைகிறது. அந்த வயல்களுக்கு ராம்சர் பட்டியலில் இடம் இல்லை. அங்கே நெல் தொடர்ந்து விளையுமா, மனைக் கல் நடப்படுமா என்பதை நிலத்துக்காரர்களும் சந்தை விலையும் வடகிழக்கு மழையும் சேர்ந்து ஒவ்வோர் ஆண்டும் முடிவு செய்கின்றன.